நல்ல ரத்தம்

“இந்தத் தடவையும் நல்ல ரத்தத்துல வைரஸ் வந்திருக்கு. இப்ப என்ன சொல்லப் போற?”

அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை என்று சுத்தக்காரருக்குத் தோன்றியது. வலது கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

ஆய்வுக்கூடத்தின் தலைவியை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் சோதனைகளைச் செய்கிற ஆராய்ச்சியாளருக்கு, ஓயாமல் மேசையைத் துடைத்துக்கொண்டே இருப்பதால், சுத்தக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. ஒரு மாதமாக அந்தப் பெயரே அவரைக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தது.

அவர்கள் துரத்துகிற வைரஸுக்கும் அங்கே ஒரு செல்லப்பெயர் உண்டு. வீட்டோட மாப்பிள்ளை. உடம்புக்குள் வந்தால் போகாது. பல வருஷம் இருக்கிற இடமே தெரியாது. கிளம்பிவிட்டதென்றால் மூளையைத் தின்று தீர்த்துவிட்டுத்தான் ஓயும், மருந்து கிடையாது. அது தூங்குகிறபோதே பிடித்துவிட்டால், அடுத்தவர் உடம்புக்குப் போகாமலாவது தடுக்கலாம். அதற்கான சோதனையைத்தான் அக்கா பத்து வருஷமாக உருவாக்கிக்கொண்டிருந்தார்.

நோயாளிகளின் ரத்தத்தில் அந்தச் சோதனை ஒருமுறைகூடப் பிசகவில்லை. தகராறு வேறு இடத்தில். நோயாளிகளின் ரத்தத்தோடு, நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் ஒரு குழாயில் வைத்துச் சோதிப்பார்கள். அதற்குப் பெயர்தான் நல்ல ரத்தம். அதில் எதுவும் வரக் கூடாது. வந்தால் ஒன்று சோதனை பொய், இல்லாவிட்டால் செய்தவர் கை சுத்தமில்லை. இந்தத் தொழிலின் அரிச்சுவடியே அதுதான்.

சுத்தக்காரர் செய்யாத வைத்தியம் இல்லை. கையுறை, குழாய், தண்ணீர் எல்லாவற்றையும் புதிதாக வரவழைத்தார். வேறு அறைக்கு மாறினார். மீசையில் ஏதாவது ஒட்டியிருக்குமோ என்று மீசையைக்கூட எடுத்துவிட்டார். கதவைத் திறந்த மனைவி யாரோ என்று பயந்ததுதான் மிச்சம்.

“நான் தப்புப் பண்ணலக்கா. சத்தியமாச் சொல்றேன். என் கையில அழுக்கு இருந்தா எல்லாத்துலயும் வரணும்ல? வெறும் தண்ணி வெச்ச குழாய் சுத்தமாத்தானே இருக்கு?”

“அப்ப என் சோதனை பொய். அப்படித்தானே?”

பொய் என்று சொல்லச் சுத்தக்காரருக்கு வாய் வரவில்லை; உண்மை என்று சொன்னால் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்ட கதையாகிவிடும். நாளைக்கு ஆய்வுக் குழு கூடுகிறது. நல்ல ரத்தம் சுத்தமென்று காட்டாவிட்டால் எல்லாவற்றுக்கும் மூடுவிழாதான். வேலை போவதுகூடப் பெரிதில்லை. வைரஸ்காரர்கள் உலகம் சின்னது. இங்கே ஒருவர் தும்மினால் இன்னொரு கண்டத்தில் கைக்குட்டையை எடுப்பார்கள். கை சுத்தமில்லாதவன் என்று பெயர் கிளம்பிவிட்டால், அப்புறம் எந்த ஆய்வுக்கூடமும் அவரை வாசலில்கூட நிற்க விடாது.

இனி முடிவு சொல்ல வெளியூர் ஆராய்ச்சியாளர் ஒருவர்தான் பாக்கி. அக்காவின் ஒவ்வொரு கட்டுரையிலும் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிய பெரியவர். இவர்கள் அவருக்கு வைத்த பெயர் வில்லங்கம். விஷயம் காதுக்கு எட்டியதும், எல்லா ரத்தத்திலும் கொஞ்சம் அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன் என்று அவரே கேட்டு வாங்கியிருந்தார். செத்த பாம்பை அடிக்க வருகிறார் என்று சுத்தக்காரர் அப்போதே சொன்னார்.

போன் அடித்தது. வில்லங்கம்தான். அக்கா போனை மேசையில் வைத்து, இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

பெரியவர் எடுத்த எடுப்பில் சண்டைக்கு வரவில்லை. சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்தார். அவர் அப்படியெல்லாம் கேட்கிற ஆளே இல்லை. சுத்தக்காரர் துணியை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

“உங்க சோதனை சரிம்மா. என்னோட முறையில ரெண்டு விதமாப் பார்த்துட்டேன். ஒரு பிசகும் இல்ல. உங்க ஆளோட கையும் சுத்தம். நாளைக்குக் குழுவுக்கு நானே எழுதித் தரேன்.”

சுத்தக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை.

“அந்த நல்ல ரத்தம்தான் நல்ல ரத்தம் இல்ல. வைரஸ் நெஜமாவே அதுல இருக்கு,” என்றார் பெரியவர், தயங்கித் தயங்கி. “யாரும்மா கொடுத்தது? வெளியாளா?”

அக்கா மடக்கிய கையை நெஞ்சோடு இன்னும் இறுக்கிக்கொண்டார்.

சுத்தக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றது. மறுகணம் போனின் மேல் விழாத குறையாகக் குனிந்தார்.

“சார், அப்படி இருக்காது சார். தப்பு என்னுதுதான். நான்தான் குழாயை மாத்தி வெச்சிருப்பேன். என் கை சுத்தமில்ல சார், குழுவுக்கு அப்படியே எழுதிடுங்க...”

“போதும் தம்பி,” என்றார் அக்கா. “நீ தப்புப் பண்ணலன்னு எனக்கு முதல் தடவையே தெரியும். பண்ணியிருக்கணும்னுதான் ஒரு மாசமா வேண்டிக்கிட்டு இருந்தேன்.”

அதுவரை மடக்கியே வைத்திருந்த கையை நீட்டி அவர் போனை அணைத்தார். நல்ல ரத்தம் எடுப்பதற்காக, ஒவ்வொரு தடவையும் போலவே, காலையில் ஊசி குத்திவிட்டுச் சுத்தக்காரரே ஒட்டிய பிளாஸ்திரி, அந்தக் கையில் இன்னும் இருந்தது.