தெருப்பக்க அறை

மூன்றாம் மாடியில் சாவிக்கொத்துடன் நிற்கிறேன். லிஸ்பனில் நான் நடத்தும் சின்ன விடுதி இது. வடகோடியில் இருக்கும் பிராகன்சாவிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய எல்வீரா முற்றத்துப் பக்க அறையை எட்டிப் பார்க்கிறார்.

"இதையே எடுத்துக்குங்கம்மா. தெருப்பக்கம் டிராம் சத்தம் தாங்காது."

"சத்தம் கெடக்கட்டும். எதிர்ல பதினாலாம் நம்பர் வீடு எந்த ரூம்லேர்ந்து தெரியும்?"

தெருப்பக்க அறையைத் திறக்கிறேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு உட்காருகிறார். எதிர்வீட்டு ஜன்னலுக்கு வெளியே கட்டிய கொடியில், சாய்ந்த வெயிலில், அங்கே குடியிருக்கும் டெரேசா துணி காயப்போடுகிறாள். கிளிப்புகளை வாயில் கவ்வியிருக்கிறாள்.

"என் மக. பேசி ஆறு வருஷமாச்சு."

"இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. போய் பெல் அடிங்களேன்."

"அடிச்சு, அவ கதவத் திறக்கலைன்னா?"

கீழே டிராம் போகிறது, கண்ணாடி அதிர்கிறது. கொடியில் உள்ளங்கையளவு சட்டைகள் வரிசையாக ஆடுகின்றன.

"அதெல்லாம் யாரோடது?" என்று என்னைக் கேட்கிறார்.

"அவ பொண்ணோடது. போன மாசந்தான் நடக்க ஆரம்பிச்சிருக்கா."

எல்வீரா எழுந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொள்கிறார். டெரேசா நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்க்கிறாள். எல்வீராவின் கை சட்டென்று திரையை இழுத்து மூடுகிறது.