தேவையில்லாத பாகம்

அன்று என்ன கிழமை என்று ஜாஸ்மினுக்குச் சரியாக நினைவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் சர்வரில் ஓடும் ஜாவா மென்பொருளைப் புதுப்பித்து, வேண்டாத பாகங்களைக் கழித்துச் சிறிதாக்குவது அவள் வேலை. கழிவுத்தொட்டியில் விஷவாயு ஏறினால் அலாரத்தை அடிக்கவைக்கும் பாகம் பழைய ஜாவாவுக்கு எழுதியது. புதியதில் அது ஓடவில்லை.

“ஒரு வாரம் குடுங்க சார், மாத்தி எழுதிடறேன். அந்தத் தொட்டியக் கழுவ எங்க அண்ணன் எறங்குறான்.”

“அலாரம் வர்றதுக்கு முன்னாடி யாரும் எறங்கலயா இன்னா? அதத் தூக்கிட்டு இன்னிக்கே அனுப்பும்மா,” என்றார் மேனேஜர் சூரியபிரகாஷ்.

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். அண்ணன் ஜான்சனுக்குப் போன் செய்து, இறங்காதே என்றாள். “எறங்கலன்னா வேல போய்டும் பாப்பா,” என்றான் அவன்.

மறுநாள் அவன் ஏணியில் கால் வைத்ததும் அலாரம் அலறியது. வெளியே ஓடி வந்துவிட்டான்.

“சொல்லியும் தூக்கலியா?” என்று சூரியபிரகாஷ் கத்தினார்.

“நீங்களே பாருங்க சார்,” என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள். சர்வரில் அந்தப் பாகம் இல்லை.

ஜான்சன் இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். ஜாஸ்மின் வேலையை விட்டுவிட்டாள். சூரியபிரகாஷ் அதே நாற்காலியில் இருக்கிறார். அலாரத்தின் வயரை அவரே பக்கத்தில் நின்று அறுக்கவைத்தார். தொட்டியில் வாயு ஏறும்போதெல்லாம் அது இன்னும் அடிக்கிறது.