மிரெய்யின் இடப்பக்கம்

மிரெய்க்கு இடப்பக்க நாற்காலியைப் பிடிக்கவே நான் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

குளிர்காலம் வந்தால் எங்கள் பாட்டுக்குழு சூரிச்சில் ஒரு மாலை ஃபோன்டு சாப்பிட ஒன்றுகூடும். கொதிக்கிற சீஸ் சட்டிக்குள் ரொட்டித் துண்டைத் தவறவிட்டால் தண்டனை உண்டு. ஆண் என்றால் எல்லோருக்கும் ஒயின் வாங்க வேண்டும். பெண் என்றால் இடப்பக்கம் இருப்பவருக்கு ஒரு முத்தம்.

ஒன்பது வருடமாக மிரெய் ஒரு துண்டைக்கூட விட்டதில்லை. பழைய ரொட்டிதான் முள்கரண்டியில் பிடித்து நிற்கும். அதனால் இந்த முறை பரிமாறுகிறவளிடம் ரகசியமாகச் சொல்லி, அன்று சுட்ட ரொட்டியைக் கொண்டுவர வைத்தேன்.

மூன்றாவது தடவை தோய்த்தபோது துண்டு உள்ளே விழுந்தது.

"மாட்டுனியா மிரெய்! குடு, குடு!" என்று மேசையைத் தட்டினார்கள். எனக்குக் காது சூடேறியது.

மிரெய் என்னைப் பார்த்தாள். "எங்க ஃப்ரிபூர்ல வலப்பக்கம்தாம்ப்பா" என்று சிரித்தபடி, அந்தப் பக்கம் இருந்த ஆட்ரியனின் கன்னத்தில் முத்தமிட்டாள்.

"அடுத்த வருஷம் இடத்த மாத்திக்கோ, ரெட்டோ!" என்று ஆட்ரியன் என்னைச் சீண்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டிராமில் அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வீட்டுச் சாவி உன்கிட்டதானே இருக்கு?" என்றாள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், அதே ஃப்ரிபூரில், எங்கள் கல்யாண விருந்தில் அவள் ரொட்டி இப்படித்தான் சட்டிக்குள் விழுந்தது. அன்றைக்கும் நான் அவளுக்கு இடப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். யாரும் மேசையைத் தட்டுவதற்கு முன்பே என் பக்கம் திரும்பிவிட்டாள்.