உம்மணாமூஞ்சி

"சுடரு, உள்ள என்ன புள்ள சத்தத்தையே காணோம்?" குளியலறைக் கதவைப் படபடவென்று தட்டினாள் செல்வராணி.

"தலைக்கு ஊத்துறேன் அண்ணி."

"தாப்பாளப் போட்டுக்கிட்டு அப்படி என்ன குளியல்? வெரசா வா!"

செல்வராணி கதவை விட்டு நகரவில்லை. துபாயிலிருந்து கணவன் திருமுருகன் போனில் சொன்னது அப்படி. "தங்கச்சிக்கு மனசு சரியில்ல. ஏடாகூடமா ஏதும் செஞ்சுக்கிருவாளோன்னு பயமா இருக்கு. கொஞ்ச நாள் நம்ம வீட்டுல இருக்கட்டும். தனியா மட்டும் விட்டுறாத."

சுடர்விழி பிறவி உம்மணாமூஞ்சி. கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. செல்வராணியோ நேர் எதிர். புதுக்கோட்டையில் அவள் குடியிருக்கும் தெருவில், இழவு வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போகவே யோசிப்பார்கள். அங்கேயும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவாள்.

மத்தியானம் ஜெகதாப்பட்டினத்து நண்டு வாங்கிக் குழம்பு வைத்தாள். சுடர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள். செல்வராணி தன் தட்டைக் கிளறிக்கொண்டே பேசினாள்.

"எங்க ஆத்தா செத்த பெறகு ஒரு சித்தி வந்தா பாரு! பள்ளிக்கூடம் விட்டு லேட்டா வந்தா என்னையக் கோழிக்கூட்டுல தள்ளிச் சாத்திப்புடுவா. விடியிற வரைக்கும் கோழிங்களோட பேசிக்கிட்டே கெடப்பேன். அதான் இன்னைக்கும் இந்த வாய் ஓய மாட்டேங்குது!"

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சுடர் சிரிக்கவில்லை. அட, இந்தப் பெண்ணை எதைச் சொல்லித்தான் தேற்றுவது!

செல்வராணி கையைக் கழுவிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மறைக்காமச் சொல்லு புள்ள. செத்துறலாம்னு தோணுதா?"

சுடர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"வெக்கப்படாத. காலையில முழிப்பு வந்ததும் 'ஐயோ, இன்னைக்கும் முழிச்சுட்டமே'ன்னு இருக்கும். வெளிய சிரிச்சுப் பேசிக்கிட்டுதான் திரிவோம். உள்ள அம்மிக்கல்லத் தூக்கி வெச்ச மாதிரி கனக்கும். நம்மளக் கட்டுன பாவத்துக்கு அந்த மனுசன் என்ன சொகத்தக் கண்டாரு, நாம போயிட்டா அவராவது நிம்மதியா..."

பேச்சு அப்படியே நின்றுவிட்டது. சுடருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

சுடர் அவளை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டாள். செல்வராணி அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்து வந்தது.

"எனக்கு ஒண்ணுமே இல்ல அண்ணி. ஒங்களப் பாத்துக்கத்தான் அண்ணன் என்னைய அனுப்புச்சு."