மேல் ஹாலுக்குப் போன சாம்பார்

"அண்ணே, கீழ சோறு ஏதாச்சும் மிச்சம் இருக்குமா?"

மேல் ஹால் சமையல்காரரின் ஆள் படியிறங்கி ஓடிவந்து மூச்சிரைக்கக் கேட்டான். கலியமூர்த்திக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

மிச்சமா? மூடி திறக்காத இரண்டு அண்டா சோறும், ஒரு அண்டா சாம்பாரும் சமையற்கட்டில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தன.

மகள் சுடர்விழியின் ரிசப்ஷன். நெல்லித்தோப்பு மண்டபத்தில் கீழ் ஹால் இவர்களுக்கு. மேலே வேறு யாரோ வீட்டுக் கல்யாணம். அவர்களுக்கு வாசலும் வேறு தெருவில்.

சமையல் பேசிய அன்றே அவர் மனைவி மேனகா, தேவைக்கு மேல் ஒரு பங்கு சேர்த்துச் சொல்லிவிட்டாள். கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்பதோடு சரி.

அவளுடைய தம்பி வெற்றிச்செல்வன் அதைப் பயம் என்றான். சம்பந்தி வீட்டில் ஜம்பம் என்றார்கள். கலியமூர்த்தி ஊதாரித்தனம் என்றார், மனசுக்குள் மட்டும்.

பெரிய மார்க்கெட் பக்கம் பாத்திரக்கடை வைத்திருப்பவர் அவர். முன்யோசனை என்கிற சரக்கு, பலிக்கிற வரைக்கும் வேறு பேரில்தான் விற்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. போன பெருமழைக்கு முன்னால் மிக்ஸிப் பெட்டிகளையெல்லாம் பரணில் ஏற்றச் சொன்னாள் மேனகா. அன்றைக்கு அதன் பேர் சந்தேகப் புத்தி. கடைக்குள் முழங்கால் தண்ணீர் நின்றபோது அதே புத்திக்கு அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் தொலைநோக்கு என்று பேர் வைத்தார்கள்.

ஆனால் இன்றைக்கு மழை வருகிற மாதிரி இல்லை. கடைசிப் பந்தியும் எழுந்து பீடா போட ஆரம்பித்துவிட்டது. பெண் வீட்டுக்காரர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்ற பேச்சு, கை கழுவும் இடம்வரைக்கும் வந்துவிட்டது.

"நாளைக்கு நெல்லித்தோப்புல ஒரு வீட்டுலயும் அடுப்பு எரியாது, மாமா" என்று வெற்றிச்செல்வன் வேறு.

மகள் கல்யாணத்தில் போய் மனைவியைப் பார்த்து ஊர் சிரிக்க வேண்டுமா என்று அவர் புழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்த ஆள் வந்து நிற்கிறான்.

சமையற்கட்டு வாசலில், பட்டுப்புடவையோடு, கல்லாவில் உட்காருகிற மாதிரியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் மேனகா. அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"எத்தினி பேரு உக்காந்திருக்காங்க?"

"பந்தி ரொம்பிடுச்சி அக்கா. இலை போட்டு, உப்பு ஊறுகாய் வெச்சாச்சு. எங்க மாஸ்டர் தலையில கை வெச்சிட்டாரு. என்ன விலைன்னாலும்..."

"கல்யாண வீட்டுச் சோத்துக்கு விலையா? தூக்கிட்டுப் போப்பா."

கலியமூர்த்தி திரும்பிப் பார்த்தார். கீரைக்காரியிடம் கொசுறு வாங்கி, அந்தக் கொசுறுக்கும் ஒரு கொசுறு கேட்கிறவள் இவள்.

ஆட்கள் சமையல்காரரின் வாளிகளை எடுத்தார்கள்.

"அது வேணாம். மேடைகிட்ட சீர் வாளி இருக்கு பாரு, அதுல ஊத்திட்டுப் போங்க."

"சீர் வாளியவா?" என்றார் கலியமூர்த்தி.

"புதுசுங்க, பளிச்சுனு இருக்கும். நீங்களும் கூடப் போயிட்டு வாங்க. துண்டை ஒழுங்கா போட்டுக்கிட்டுப் போங்க."

போனார்.

மேல் ஹாலில் வெறும் இலைகளுக்கு முன்னால் ஜனம் ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தது. பந்தியின் கோடியில், சமையல் செலவை ஏற்றிருந்த மாப்பிள்ளையின் அப்பா, வேர்த்து விறுவிறுத்து, "இதோ வந்துடுச்சி, இதோ வந்துடுச்சி" என்று கும்பிட்டபடி நின்றார்.

கன்னியப்பன்!

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றால் தெருவுக்கே தெரியும். பாரிஸில் இருக்கிற மகனுக்காக மூன்று வருஷத்துக்கு முன் சுடர்விழியைப் பெண் பார்க்க வந்து, காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போன அதே கன்னியப்பன்.

சாம்பார் வாளியை அவர் முன்னால்தான் இறக்கினார்கள். வாளியின் வயிற்றில் பெரிய பெரிய எழுத்தாகப் பேர் வெட்டியிருந்தது. கன்னியப்பன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

சுடர்விழி.

நிமிர்ந்தார். எதிரே பட்டு வேட்டியில் கலியமூர்த்தி.

அதற்குள் வாளி அடுத்த இலைக்குப் போய்விட்டது. அந்தப் பேர் பந்தி முழுக்க ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் குனிந்து நிமிர்ந்து போவதை, கலியமூர்த்தி கடைசி இலைவரைக்கும் நின்று பார்த்தார்.

கீழே இறங்கியபோது அவர் கால் படியில் படவில்லை.

அதற்குள் இங்கே ஊதாரித்தனத்துக்குப் பேர் மாறிவிட்டது. "எங்க அக்காவோட முன்யோசனை யாருக்கு வரும்?" என்று வெற்றிச்செல்வன் சொல்லிக்கொண்டிருந்தான். சம்பந்தி ஒருபடி மேலே போய்த் தீர்க்கதரிசனம் என்றார். ஒவ்வொரு வார்த்தையையும் மனசுக்குள் தராசில் வைத்துப் பார்த்தார் கலியமூர்த்தி. எல்லாமே எடை குறைந்தது.

நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"மேல யாரு வீட்டுக் கல்யாணம்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஹால் புக் பண்ணும்போதே தெரியும்."

"அது சரி. சோறு பத்தாதுன்னு எப்படித் தெரிஞ்சிது?"

மேனகா முந்தானையால் கழுத்தை ஒற்றிக்கொண்டாள்.

"பொண்ணு குள்ளம், அதுக்குக் கொஞ்சம் பவுன் சேத்துப் போடுங்க, கண்ணாடி போட்டிருக்கு, அதுக்குக் கொஞ்சம் சேத்துப் போடுங்கன்னு நம்ம பொண்ணையே பாத்திரம் மாதிரி சொட்டை பாத்து பேரம் பேசின மனுஷன். சமையல்காரர் கேட்ட காசை மட்டும் அப்படியே குடுத்திருப்பாரா?"