குருவிக்கூட்டில் முடி

மனைவி இறந்த பிறகு தச்சர் உளியைத் தொடவே இல்லை. மகள் நச்சரித்ததால்தான் மிச்சப் பலகையில் ஒரு குருவிப் பெட்டி செய்து வீட்டுக்குப் பின்னாலிருந்த மரத்தில் மாட்டினார். வாடகையில்லாக் குடித்தனமாகக் குருவி வந்து சேர்ந்ததும் மனுஷனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அடிக்கடி ஏணியில் ஏறி, மூடியைத் தூக்கிக் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு வருவார்.

அன்று ஒரு குஞ்சின் காலில் முடி சிக்கியிருந்தது. கத்தரியால் பதமாக நறுக்கி விடுவித்தார். கூடு முழுக்க அதே முடிதான். கருகருவென்று, சுருள் சுருளாக. ஒரு இழையைக் கீழே நீட்டினார்.

ஏணியைப் பிடித்திருந்த மகள் வாங்கிப் பார்த்தாள். "அப்பா, இது அம்மா முடி மாதிரியே இருக்கு."

"பழைய சீப்புலேர்ந்து எடுத்திருக்கும்மா."

"ஏதுப்பா சீப்பு? கடைசி வருஷம் மருந்துல மொத்த முடியும் கொட்டினப்பவே தூக்கிப் போட்டுட்டோமே."

அவர் மூடியை இறக்கினார்.

அந்தக் குஞ்சுகள் பறந்துபோய், குருவி மறுபடி முட்டையிட்டபோது மகளிடம் சொல்லாமல் ஏறினார். பெட்டியைத் திறந்து பார்த்தார்.

ஒரு நரைகூட விழாத வயதில் போனவள் அவள். முட்டைகளுக்கு அடியில் புதிதாக விரித்திருந்த சுருள் முடி, இப்போதுதான் தலைக்குக் குளித்ததுபோல் ஈரமாக இருந்தது. அதில் அங்கங்கே நரை ஓடியிருந்தது.