நெய் கம்பெனி

மெர்சி என் கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தாள்.

தலைப்பு மட்டும் வேறு. மற்றதெல்லாம் என்னுடையது, ஸ்லைடில் தெரிந்த என் எழுத்துப்பிழை உட்பட.

பன்னாட்டு இணையவழிக் கருத்தரங்கம். பன்னாடு என்பது இலங்கையிலிருந்து ஒருவர். அவரும் நெட் கிடைக்காமல் திரையில் வந்து வந்து போய்க்கொண்டிருந்தார்.

நான் கும்மிடிப்பூண்டியில், எங்கள் வீட்டு அடுப்படியில், சிலிண்டர் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்னறையில் நைனா தூங்கிக்கொண்டிருந்தார். சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்தார். அவர் எழுந்துவிடுவார் என்று அம்மா குக்கர்கூட வைக்கவில்லை.

அடுத்தது என் முறை. அதே கட்டுரை. ஒரே கட்டுரையை இரண்டாவதாக வாசிப்பவள்தான் திருடி.

மெர்சி, கருத்தரங்கை நடத்தும் திருவள்ளூர்க் கல்லூரியில் ஆசிரியை. பென்னிக்கும் அங்கேதான் வேலை. பென்னி எனக்கு நிச்சயமானவன். எங்கள் கல்லூரிதான் நடத்துகிறது, நீயும் வாசி என்று என்னைச் சேர்த்துவிட்டதே அவன்தான்.

கட்டுரையைப் போன மாதமே கருத்தரங்கக் குழுவுக்கு அனுப்பியிருந்தேன். குழுவில் மெர்சி இருக்கிறாள். சுருட்டிவிட்டாள்.

ஷிப்ட் வேலைக்காரர்களின் பேச்சு பற்றிய கட்டுரை. கம்பெனி வாசல் டீக்கடையில் நைனா பக்கத்தில் நின்று நான் பொறுக்கிய சொற்கள். இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்தால் ‘டபுள் அடிக்கிறது.’ மாற்று ஆள் வராவிட்டால் ‘ரிலீவர் வரல.’ நைனாவோடு வேலை செய்யும் மோசஸ் மாமா சொன்ன வசவுகூட அப்படியே அவள் ஸ்லைடில் இருந்தது.

பென்னியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கேட்டால் சும்மா விடமாட்டான். மெர்சியை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான்.

அப்போது அவள் கடைசி ஸ்லைடைப் போட்டாள்.

“இரவுப் பணியை இவர்கள் ‘நெய் கம்பெனி’ என்று அழைக்கிறார்கள். கூடுதல் படியால் வரும் வளத்தை நெய்யாகக் காணும் உழைக்கும் மக்களின் கற்பனை இது.”

கைதட்டும் படங்கள் குவிந்தன. ‘அருமை அம்மா’ என்று ஒரு பேராசிரியர் எழுதினார்.

நெய்யாவது, வளமாவது! சின்ன வயதில் என் வாயில் ‘நைட்டு’ வராது. நைனா எங்கே என்று கேட்டால் ‘நெய் கம்பெனி’ என்பேன். அம்மாவும் நைனாவும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டைத் தவிர உலகத்தில் எங்கேயும் அந்தச் சொல் கிடையாது.

கட்டுரையில் அதை நான் எழுதவே இல்லை. அது தொழிலாளர் பேச்சு இல்லை, என் மழலை.

வெளியாள் ஒருவனிடம்தான் சொல்லியிருக்கிறேன். நிச்சயம் முடிந்த புதிதில், மீஞ்சூர் தாண்டி ரயில் சிக்னலுக்கு நின்றிருந்தபோது. விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் போன் செய்யும்போதெல்லாம், நைனா நெய் கம்பெனியா என்றுதான் ஆரம்பிப்பான்.



போன் மினுங்கியது. பென்னியின் மெசேஜ்.

‘சண்ட போட்டுக்கினு இருக்காத. மெர்சிக்கு வேல பெர்மனென்ட் ஆவணும். கல்யாணத்துக்கு அப்பால உனக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்?’

நான் அவனிடம் இன்னும் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

தலைவர் என் பெயரை அழைத்தார். கட்டுரையை வாசிக்கலாம் என்றார்.

மைக்கைத் திறந்தேன். “என் கட்டுரையை இப்போதுதான் மெர்சி மேடம் வாசித்து முடித்தார்கள், ஐயா.”

மெர்சியின் முகம் திரையிலிருந்து காணாமல் போனது. நெட் போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

லேப்டாப்பை மூடினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கட்டுரை முடிந்துவிட்டதா என்று கண்ணாலேயே கேட்டாள்.

நாளை ஞாயிறு. சர்ச்சில் எங்களுக்கு மூன்றாவது ஓலை வாசிப்பார்கள். எபினேசர் குமாரத்தி ஏஞ்சலினுக்கும் பென்னிக்கும் திருமணம் நிச்சயித்திருக்கிறது, தடை சொல்பவர்கள் உண்டா என்று ஆயர் சபையைப் பார்த்துக் கேட்பார். வழக்கத்துக்குக் கேட்கிற கேள்வி. போன இரண்டு ஞாயிறும் யாரும் வாய் திறக்கவில்லையாம். நான் போகவில்லை. ஓலை வாசிக்கும்போது பெண் சர்ச்சில் இருக்கக் கூடாது என்று அம்மா என்னை வீட்டிலேயே நிறுத்திவிட்டாள்.

“எம்மா,” என்றேன், “நாளைக்கி சர்ச்சுக்கு நானும் வரேன்.”